தர்பரின் சீல் இன்னும் குரைக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜேம்ஸ் தர்பரை அமெரிக்க நகைச்சுவையின் மேதைகளில் ஒருவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தால் ஆறு வயதுக் குழந்தை கிறுக்கியவை போல இருக்கின்றன, ‘வால்டர் மிட்டி’ கதையைப் படித்தும் சிரிப்பு வரவில்லை, குறை என்னிடமா, அல்லது பழைய பெயருக்காக எல்லோரும் தலையாட்டுகிறார்களா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வரையத் தெரியாத ஒருவரின் படங்களை ஏன் கொண்டாட வேண்டும் என்பது ஒன்று. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க் நகரத்து வார இதழ் ஒன்றின் வாசகர்களுக்காக எழுதப்பட்ட வேடிக்கை, அந்த நகரமும் அந்தக் காலமும் மறைந்த பிறகும் உயிரோடு இருக்க முடியுமா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினமானது. நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு கல்லூரியில் ஆங்கில உரைநடை கற்பித்தவன். தர்பரின் கட்டுரைகளையும் கதைகளையும் பல தலைமுறை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். எந்த இடத்தில் வகுப்பு சிரித்தது, எந்த இடத்தில் ஆசிரியர் மனம் நோகக்கூடாதே என்று புன்னகைத்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் பதில் பெரும்பாலும் அந்த அனுபவத்திலிருந்து வருவது. ஓவியக்கலையிலும் கண் மருத்துவத்திலும் எனக்குப் பயிற்சி கிடையாது. அவ்விரண்டையும் தொட வேண்டிய இடங்களில் அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

தர்பர் 1894ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். ஏழாம் வயதில், அண்ணன் தம்பிகள் அம்பு விட்டு விளையாடியபோது, அண்ணன் எய்த அம்பு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் போயிற்று. அதை உடனே அகற்றாமல் விட்டதால் வலது கண்ணும் நாளடைவில் பாதிக்கப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். அரசின் வெளியுறவுத் துறையில் சங்கேத எழுத்தர், சொந்த ஊரில் நாளிதழ் நிருபர், பாரிஸில் பத்திரிகை வேலை என்று சில ஆண்டுகள் அலைந்துவிட்டு, 1927ல் நியூயார்க்கர் என்ற அந்த வார இதழில் சேர்ந்தார். இதழின் நிறுவனர் ஹெரால்ட் ராஸ். தர்பரோடு சிறிய அறை ஒன்றைப் பகிர்ந்துகொண்டவர் சக எழுத்தாளர் இ. பி. வொய்ட். இந்த இருவரும் இல்லாவிட்டால் நீங்கள் தேடிப் பார்த்த படங்கள் எவையும் குப்பைக்கூடையைத் தாண்டி வந்திருக்காது.

குப்பைக்கூடை என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. தர்பர் அலுவலகத்துக் காகிதங்களில் நாய்களையும் மனிதர்களையும் சில நொடிகளில் வரைந்து எறிந்துவிடுவது வழக்கம். 1929ல் அவர் பென்சிலால் வரைந்திருந்த, சீல் என்னும் கடல்விலங்கின் படம் ஒன்றை வொய்ட் எடுத்து, தாமே மையிட்டு, இதழின் படத் தேர்வுக் கூட்டத்துக்கு அனுப்பினார். சீலின் மீசை இப்படித்தான் இருக்கும் என்று கலை ஆசிரியர் முறையான ஒரு சீலின் தலையை அருகில் வரைந்து திருப்பி அனுப்பினார். தர்பருடைய சீலின் மீசை இப்படித்தான் இருக்கும் என்று எழுதி வொய்ட் அதை மீண்டும் அனுப்பினார். படம் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பகடி நூலில் தர்பரின் படங்கள் இடம்பெற்றன, நூல் நன்றாக விற்றது, ராஸுக்கு மனம் மாறியது. ‘அந்தப் பழைய சீல் எங்கே?’ என்று அவர் கேட்டபோது படம் கையில் இல்லை. தர்பர் மீண்டும் வரைய முயன்றார். பாறைமேல் அமர்ந்த சீலாகத்தான் தொடங்கினார். பாறை சரியாக வராமல் கட்டிலின் தலைப்பலகை போல ஆகிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் காகிதத்தைக் கசக்கியிருப்பார். தர்பர் அந்தத் தலைப்பலகைக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, அதில் ஒரு கணவனையும் மனைவியையும் படுக்கவைத்து, மனைவியின் வாயில் இந்த எரிச்சலை வைத்தார்: ‘சரி, நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும். ஒரு சீல் குரைத்தது உங்களுக்குக் கேட்டது!’ 1932 ஜனவரியில் வெளிவந்த அந்தப் படம்தான் இன்றுவரை அவருடைய மிகப் புகழ்பெற்ற படம்.

இதை மாணவர்களுக்காக மொழிபெயர்த்தபோது நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சீலுக்குத் தமிழில் ‘கடல்நாய்’ என்ற பெயர் இருக்கிறது. முதலில் அதையே எழுதினேன். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்? நம் மொழி அந்த விலங்குக்கு வைத்த பெயரே மனைவியின் சந்தேகத்தை அடித்துப்போட்டுவிட்டது. ‘சீல்’ என்று மாற்றிய பிறகுதான் படம் உயிர்பெற்றது.

அந்தச் சீலைப் போலவே, புத்தக அலமாரியின் மேல் நான்கு கால்களில் ஒரு பெண் குந்தியிருக்கும் படமும் பிழையிலிருந்து பிறந்தது. கீழே ஒருவர் விருந்தாளியிடம், அதோ மேலே இருப்பவர் என் முதல் மனைவி, இவர் இப்போதைய மனைவி என்று அறிமுகம் செய்துகொண்டிருப்பார். தர்பர் வரைய நினைத்தது மாடிப்படியின் உச்சியில் காத்திருக்கும் ஒரு பெண்ணை. தொலைவும் கோணமும் கைக்கு வராமல் படிக்கட்டு அலமாரியாயிற்று. ராஸ் தொலைபேசியில் அழைத்து, மேலே இருக்கும் பெண் உயிரோடு இருக்கிறாளா, செத்துப்போனவளா, பஞ்சடைத்து வைக்கப்பட்டவளா என்று கேட்டாராம். பெண்களைப் பஞ்சடைத்து வைக்க முடியாது என்று விலங்குகளைப் பாடம் செய்பவர் சொல்கிறார், செத்த பெண் நான்கு கால்களில் நிற்க முடியாது என்று என் மருத்துவர் சொல்கிறார், ஆகவே அவள் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று தர்பர் பதில் சொன்னாராம். இன்னொரு முறை, மகளைச் சிரிக்கவைக்க ஒரு நீர்யானை வரைந்தவர், அதன் முகத்தைப் பார்த்ததும் அது சற்றுமுன் யாரையோ விழுங்கியிருக்கிறது என்று முடிவு செய்து, பக்கத்தில் ஒரு தொப்பியையும் புகைக்குழாயையும் போட்டு, எதிரே ஒரு பெண்ணை நிறுத்தி, டாக்டர் மில்மாஸை என்ன செய்தாய் என்று அதனிடம் கேட்கவைத்தார்.

இவற்றில் ‘ஆம்’ விகுதி போட்டு நான் சொன்னவை பெரும்பாலும் தர்பரே பிற்காலத்தில் எழுதிய நினைவுகள். அவர் எந்தக் கதையையும் மெருகிடாமல் விடுகிறவர் அல்லர். எனவே உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. ஐந்தாந்தர ஓவியரான தர்பரை ஏன் போடுகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, ஐந்தாந்தரம் இல்லை, மூன்றாந்தரம் என்று ராஸ் திருத்தினார் என்ற பிரபலமான கதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால் படங்கள் அச்சில் இருக்கின்றன. தலைப்பலகை பாறை போலத்தான் இருக்கிறது. அலமாரியின் விளிம்பு படிக்கட்டின் சாய்வை இன்னும் மறக்கவில்லை. பிழையைத் திருத்தாமல், அந்தப் பிழை உண்மையாக இருக்கும் ஓர் உலகத்தை அதைச் சுற்றிக் கட்டியெழுப்பி, அந்த உலகத்துக்கு மிகவும் தர்க்கபூர்வமான ஒரு வாசகத்தை எழுதுவதுதான் அவருடைய முறை. திறமையான ஓவியர் ஒருவரால் இது முடியாது, ஏனென்றால் அவருக்கு அந்தப் பிழையே வராது. தர்பர் ஒருமுறை தம் படத்துக்கு நிழலும் கோடுகளும் இட்டுச் செம்மைப்படுத்த முயன்றபோது வொய்ட் தடுத்து, நீ நன்றாக வரையத் தொடங்கினால் சாதாரண ஆளாகிவிடுவாய் என்றாராம். நான் இதுவரை கேட்ட கலைவிமர்சனங்களில் மிகச் சுருக்கமானதும் சரியானதும் இதுவே.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. வாள்வீச்சில் ஒருவன் எதிராளியின் தலையைச் சீவிவிட்டு, ‘தொட்டுவிட்டேன்!’ என்று விளையாட்டு முறைப்படி அறிவிக்கும் படத்தின் கற்பனை தர்பருடையதன்று. கார்ல் ரோஸ் என்ற கைதேர்ந்த ஓவியர் அதை வரைந்து தந்திருந்தார். அவர் நன்றாக வரைந்திருந்ததால் அது கொலையாகத் தெரிந்தது. ராஸ் அதைத் தர்பரிடம் கொடுக்கச் சொன்னார்; தர்பருடைய மனிதர்களுக்கு உடம்பில் ரத்தம் கிடையாது, அந்தத் தலையை மறுபடி எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று எவருக்கும் தோன்றிவிடும். எழுத்தாளர் டொரதி பார்க்கர் இந்த உருவங்களை அடுப்பில் வைக்காத பிஸ்கட்டுகளுக்கு ஒப்பிட்டார். ஆறு வயதுக் குழந்தையின் கிறுக்கல் என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்தக் கிறுக்கலுக்கு மட்டும் ஒரு தலையை வெட்டியும் நம்மைச் சிரிக்கவைக்க முடிகிறது என்பதைத்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி எழுத்து. படத்தை நொடியில் வரைந்து எறிந்த அதே மனிதர் உரைநடையில் நேர்மாறானவர். 1955ல் பாரிஸ் ரிவ்யூ இதழுக்கு அளித்த நேர்காணலில் ஒரு கதையைப் பற்றிச் சொல்கிறார்: முழுமையாகப் பதினைந்து முறை திருப்பி எழுதியது, எல்லாப் படிகளையும் சேர்த்தால் 2,40,000 சொற்களுக்கு அருகில் வரும், 2,000 மணிநேரம் செலவாகியிருக்கும், முடிந்த வடிவமோ 20,000 சொற்களுக்கு மிகாது. நகைச்சுவை எழுத்தாளர் தம் உழைப்பைச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் வாக்கியங்களைப் படித்தால் பொய் என்று தோன்றாது.

நீங்கள் ‘வால்டர் மிட்டி’யில் தொடங்கியது தவறான வாசல் என்பது என் கருத்து. 1933ல் வந்த ‘என் வாழ்வும் கடினமான காலமும்’ என்ற சிறு நூல்தான் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு. அதன் முதல் பகுதி, கட்டில் விழுந்த இரவைப் பற்றியது. கொலம்பஸில் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டில் நடந்ததாக அவர் சொல்லும் நிகழ்ச்சி இது. அப்பா ஓர் இரவு தனியாகச் சிந்திக்க வேண்டும் என்று பரண் அறையில் படுக்கப் போகிறார். அங்கிருக்கும் ஆட்டம் கண்ட மரக்கட்டில் அவர் தலைமேல் விழுந்து அவரைக் கொன்றுவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். விருந்தாளியாக வந்திருக்கும் உறவினன் பிரிக்ஸ் என்பவனுக்குத் தூக்கத்தில் தன் மூச்சு நின்றுவிடும் என்ற பயம். தலைமாட்டில் ஒரு குவளையில் கற்பூரக் கரைசலை வைத்துக்கொண்டு படுக்கிறான். கதை தொடங்குவதற்குள் ஒரு சித்தி வந்து போகிறார். கதவிடுக்கில் குழாய் வைத்துத் திருடன் குளோரோஃபாம் ஊதிவிடுவான் என்று அவர் ஒவ்வோர் இரவும் பயப்படுகிறார். பொருள் போவதைவிட மயக்கமருந்து ஏறுவதுதான் அவருக்குப் பெரிய அச்சம். ஆகவே பணம், வெள்ளிப் பாத்திரம் எல்லாவற்றையும் படுக்கையறை வாசலில் நேர்த்தியாக அடுக்கி வைத்து, ஒரு சீட்டும் எழுதி வைப்பார்: ‘என்னிடம் உள்ளது இவ்வளவுதான். தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் குளோரோஃபாமைப் பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் என்னிடம் உள்ளது இவ்வளவுதான்.’ இன்னொரு சித்திக்கு, நாற்பது ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் தன் வீட்டில் திருடர்கள் நுழைகிறார்கள் என்பதில் ஐயமே இல்லை. இதுவரை ஒரு பொருளும் காணாமல் போகவில்லை என்பது அவரைப் பொறுத்தவரை எதிர்ச்சான்று ஆகாது.

சீட்டின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ‘என்னிடம் உள்ளது இவ்வளவுதான்’ இரண்டாம் முறை வராவிட்டால் அது வெறும் தகவல். அது திரும்ப வரும்போது, இருட்டில் கையெழுத்து நடுங்க அந்தச் சித்தி எழுதிக்கொண்டிருப்பது நம் கண்முன் வருகிறது. இந்த வாக்கியத்துக்கு 1933ம் ஆண்டின் நியூயார்க் தேவையில்லை, அமெரிக்காவும் தேவையில்லை. என் மாணவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். குளோரோஃபாம் என்றால் என்ன என்று சிலருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சீட்டை மட்டும் விளக்க வேண்டியிருந்ததே இல்லை. தத்தம் வீட்டில் உள்ள சித்திகளைப் பற்றி அவர்கள்தாம் எனக்குச் சொன்னார்கள்.

பிறகு நடப்பது மிகச் சிறியது: நள்ளிரவில் கதைசொல்லி படுத்திருந்த மடக்குக் கட்டில் கவிழ்கிறது, அவ்வளவே. ஓசை கேட்டு எழுந்த அம்மா, பரண் கட்டில் அப்பாவின் மேல் விழுந்துவிட்டது என்று அலறுகிறார். அந்தக் கூச்சலில் விழித்த பிரிக்ஸ், தன் மூச்சு நின்றுவிட்டது, எல்லோரும் தன்னைப் பிழைக்கவைக்கப் போராடுகிறார்கள் என்று எண்ணி, கற்பூரக் கரைசலைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு உண்மையாகவே மூச்சுத் திணறுகிறான். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கதைசொல்லி, சுரங்கத்தில் புதைந்துவிட்டதாக நினைத்துக் கத்துகிறார். பரணில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா விழித்து, வீடு தீப்பற்றி எரிகிறது என்று முடிவு செய்து, இதோ வருகிறேன், வருகிறேன் என்று முனகுகிறார். அது அம்மாவின் காதில் சாகிறவரின் குரலாக விழுகிறது. இவர்களில் ஒருவர்கூட முட்டாள் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் கட்டுமானம். ஒவ்வொருவரும் தான் ஏற்கனவே அஞ்சியிருந்ததை வைத்துக்கொண்டு, கிடைத்த சான்றுக்கு மிகச் சரியான முடிவுக்கு வருகிறார்கள். கதையைச் சொல்லும் குரலோ ஒருமுறைகூட உயர்வதில்லை. விபத்தை விசாரித்து அறிக்கை எழுதும் அலுவலரின் நிதானம் அதில் இருக்கிறது. யார் எந்த அறையில் படுத்திருந்தார்கள், எந்தக் கதவு திறந்திருந்தது என்பதெல்லாம் துல்லியமாகச் சொல்லப்படுகிறது. குழப்பத்தை இவ்வளவு ஒழுங்காகச் சொல்வதுதான் தர்பரின் தனிக்கலை என்று நான் நினைக்கிறேன். காலத்தோடு சாகாமல் இருப்பதும் இதுவே, ஏனெனில் செய்தியையோ பிரபலத்தையோ நம்பிச் சொன்ன வேடிக்கை அந்தச் செய்தி மறக்கப்படும்போது சேர்ந்து மறையும். அச்சத்தின் கணக்கு மாறுவதில்லை.

அதே நூலில் அணை உடைந்த நாளைப் பற்றிய பகுதி இதற்கு ஒரு படி மேல். 1913 மார்ச்சில் கொலம்பஸில் உண்மையாகவே பெருவெள்ளம் வந்தது. நகரின் மேற்குப் பகுதியில் பலர் உயிரிழந்தார்கள். தர்பர் எழுதுவது, மேடான கிழக்குப் பகுதியைப் பற்றி, அதாவது வெள்ளம் வரவே முடியாத பகுதியைப் பற்றி. நடுப்பகலில் ஒருவர் ஓடத் தொடங்குகிறார். மனைவியைச் சந்திக்க நேரமாகிவிட்டது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். அவரைத் தொடர்ந்து வேறு யாரோ ஓடுகிறார், உற்சாக மிகுதியில் ஒரு செய்தித்தாள் சிறுவனாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் கடைத்தெரு முழுவதும் ஓடுகிறது. யாரோ ‘அணை’ என்கிறார். ஊரே கிழக்கு நோக்கிப் பாய்கிறது. எப்போதோ முடிந்துபோன அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை என்று நம்பும் தாத்தா, எதிரிப்படைதான் வந்துவிட்டது என்று எதிர்த்து நிற்கத் தயாராகிறார். அவரை இஸ்திரிப் பலகையால் அடித்து மயக்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. கடைசியில் படைவீரர்கள் வண்டிகளில் வந்து, அணை உடையவில்லை என்று ஒலிகுழாயில் முழங்குகிறார்கள். ஆங்கிலத்தில் ‘இல்லை’ (not) என்ற சொல்லுக்கும் ‘இப்போது’ (now) என்ற சொல்லுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. ஓடுகிறவர்களின் காதில் ‘அணை இப்போது உடைந்துவிட்டது’ என்று விழுகிறது. அரசே உறுதி செய்துவிட்டதே என்று இன்னும் வேகமாக ஓடுகிறார்கள். இதைத் தமிழாக்குவது எனக்கு நீண்ட நாள் பிடிபடவில்லை. பிறகுதான் நம் மொழியின் இயல்பே உதவும் என்று உணர்ந்தேன். நம்முடைய மறுப்பு வினையின் வாலில் வருகிறது. ‘அணை உடையலை’ என்று கத்தினால் வாலைக் காற்று கொண்டுபோய்விடும், ‘அணை உடைய’ மட்டும் மிஞ்சும். வதந்தி கைபேசியில் ஓடும் இந்நாளில் இந்தப் பகுதிக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

‘வால்டர் மிட்டி’ உங்களைச் சிரிக்கவைக்காததற்கு நியாயமான காரணம் உண்டு. 1939 மார்ச்சில் வெளிவந்த அக்கதையில், மனைவியின் சொல்லுக்கு அடங்கி மழைக்காலணி வாங்கப் போகும் ஒரு நடுவயது மனிதர் ஐந்து முறை பகற்கனவில் வீரனாகிறார். அந்தக் கனவுகள் அக்காலத்து மலிவு நாவல்களையும் திரைப்படங்களையும் பகடி செய்பவை. மூலம் தெரியாதவருக்குப் பகடி பாதிதான் சேரும். அந்தப் பாதி தேய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். அறுவைசிகிச்சைக் கனவில் மருத்துவர் ஒருவர், நோயாளிக்கு ‘கோரியாப்சிஸ்’ கண்டுவிட்டது என்று கலங்குகிறார். அது தோட்டத்தில் பூக்கும் ஒரு பூவின் பெயர். இதை நான் விளக்கினால் மாணவர்கள் தலையசைப்பார்கள். விளக்கிய பிறகு எவரும் சிரித்ததில்லை. தேயாதது வேறொன்று: கனவும் நனவும் இணையும் மூட்டுகள். நீதிமன்றக் கனவில் மிட்டி எதிர்வழக்கறிஞரை ‘அற்ப நாயே’ என்று திட்டுகிறார்; ‘நாய்’ என்ற சொல் அவரைத் தெருவுக்கு இழுத்து வந்து, மனைவி வாங்கி வரச் சொன்ன நாய்க்குட்டி பிஸ்கட்டை நினைவுபடுத்துகிறது; அவர் வாய்விட்டு ‘நாய்க்குட்டி பிஸ்கட்’ என்கிறார்; வழியில் போகும் ஒரு பெண் சிரிக்கிறாள். மனம் தாவுகிற விதத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய கதைகள் குறைவு. இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். 1947, 2013 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களை இதனோடு சேர்த்து எண்ண வேண்டாம். முதல் படம் தர்பருக்கே பிடிக்கவில்லை, இரண்டாவது ஏறத்தாழப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட வேறு கதை.

தர்பரின் நீதிக்கதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓநாய்கள் அருகில் வாழ்ந்த முயல்களின் கதை, ஐரோப்பாவில் போர் மூண்ட 1939ம் ஆண்டில் எழுதப்பட்டது. முயல்கள் தரையை உதைப்பதால்தான் நிலநடுக்கம் வருகிறது என்று ஓநாய்கள் குற்றம் சாட்டுகின்றன, பிறகு அவற்றின் பாதுகாப்புக்காகவே என்று சொல்லி அடைத்து வைக்கின்றன, பிறகு தின்றுவிடுகின்றன. தொலைவில் இருக்கும் மற்ற விலங்குகள் விசாரித்தால், இது உள்நாட்டு விவகாரம் என்று பதில் வருகிறது. முயல்களுக்கு உதவ முன்வராத அந்த நல்ல விலங்குகளின் மேல்தான் தர்பரின் கசப்பு அதிகம். ஹிட்லரின் பெயர் இல்லாததால்தான் அது எந்த நாட்டுக்கும் இன்று பொருந்துகிறது. 1950களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது அவர் மறுபடியும் இந்த வடிவத்துக்கே திரும்பினார். பாம்புகளோடு சண்டை வேண்டாம் என்று சொன்ன ஒரு கீரியைச் சொந்தக் கீரிகளே துரோகி என்று தண்டிக்கும் கதை 1956ல் வந்த தொகுப்பில் உள்ளது. நம்மிடம் பஞ்சதந்திர மரபு இருப்பதால், இக்கதைகள் தமிழ்க் காதுக்கு அவருடைய மற்ற எழுத்துகளைவிட எளிதில் பழகும்.

எல்லாம் நிலைத்துவிட்டது என்று சொன்னால் உங்களிடம் நேர்மையாக இருந்ததாகாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான போர் என்று அவர் வரைந்த தொடரும், பருத்த, அதட்டுகிற மனைவியரும் ஒடுங்கிய கணவர்களும் நிறைந்த பல படங்களும் இன்று சலிப்பூட்டுகின்றன. ஒன்று சிரிப்பு, ஐம்பது புகார். அவர் கேலி செய்தது பெண்களையா, பெண்களைக் கண்டு நடுங்கும் ஆண்களையா என்று விமர்சகர்கள் வாதிடுவதுண்டு. நல்ல படங்களில் இரண்டாவது, மோசமானவற்றில் முதலாவது என்பது என் தீர்ப்பு. கறுப்பினப் பணிப்பெண்களின் உச்சரிப்பை வைத்து அவர் செய்த வேடிக்கைகளை நான் வகுப்பில் வாசித்ததில்லை. இப்போதும் வாசிக்க மாட்டேன். பார்வை போன பிறகு, 1950களில், சொற்களைப் புரட்டிப் போட்டு விளையாடும் கட்டுரைகளை நிறைய எழுதினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் சிலர் அவற்றை மிக உயர்வாகச் சொல்கிறார்கள். கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் வாசிக்கும் என் காதுக்கு அவை களைப்பையே தருகின்றன, இதில் என் தீர்ப்பை அதிகம் நம்ப வேண்டாம்.

பார்வை என்றதும் இறுதியாக ஒன்று. அவருடைய விசித்திரக் கற்பனைக்கு அவருடைய கண்தான் காரணமா என்று பலரும் கேட்பார்கள். 1930களில் எழுதிய ஒரு கட்டுரையில், கண்ணாடி உடைந்துபோன நாளில் தாம் கண்டவற்றை அவர் பட்டியலிடுகிறார்: வங்கிக் கட்டடத்தின் மேல் கியூபா நாட்டுக் கொடி, சரக்கு வண்டியின் பக்கவாட்டில் ஊடுருவி நடந்துபோகும் ஒரு மூதாட்டி, பலூனைப் போல மெல்ல மேலே எழும் பாலங்கள். நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1998ல் வெளிவந்த தம் நூலில் தர்பருக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, இது சார்ல்ஸ் பானே நோய்க்குறியாக இருக்கலாம் என்கிறார். பார்வை குன்றியவர்களின் மூளை, வெறுமையாக விடப்பட்ட இடத்தைத் தானே உருவங்களால் நிரப்பிக்கொள்ளும் நிலை அது. கருதுகோள் கவர்ச்சியானது; இறந்தவரைப் பரிசோதிக்க இயலாது என்பதால் அது கருதுகோளாகவே நிற்கிறது. எனக்கு அதில் ஒரு தயக்கமும் உண்டு. மூதாட்டியைக் கண் காட்டியிருக்கலாம். அவர் வண்டிக்குள் நடந்துபோனதை ஒரு வரியில் நிறுத்தத் தெரிந்தது கண்ணின் வேலை அன்று. பல்கலைக்கழக நாட்களைப் பற்றிய கட்டுரையில், நுண்நோக்கியில் தாவர உயிரணு எதுவும் தெரியாமல் திண்டாடிய மாணவன் ஒருநாள் புள்ளிகளும் வட்டங்களுமாக எதையோ கண்டு மகிழ்ச்சியோடு வரைகிறான்; பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, நீ வரைந்திருப்பது உன் சொந்தக் கண்ணை என்று கத்துகிறார். தன் கண்ணைத் தானே வரைந்தவன் என்பதைத் தன்னிரக்கம் ஒரு துளியும் இல்லாமல் எழுதிய இந்த இடம் வரும்போது வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் வெடித்துச் சிரிக்கும்.

1940, 1941 ஆண்டுகளில் அவருக்கு ஐந்து முறை கண் அறுவைசிகிச்சை நடந்தது. அதன் பிறகு, தொழிற்சாலைகளில் நுண்ணிய வேலைக்கு அணியும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய காகிதங்களில் வரைந்தார். அதுவும் முடியாதபோது கறுப்புக் காகிதத்தில் வெளிர்நிறக் கோடுகள். 1951 ஜூலையில் டைம் இதழின் அட்டையில் வந்த தன்னுருவப் படம்தான் கடைசி. கதைகளை மனத்திலேயே திருத்தி, பிறர் எழுதிக்கொள்ளச் சொன்னார். 1961 நவம்பரில் இறந்தார்.

எனவே, குறை உங்களிடம் இல்லை, அவருடைய பெயரும் வெற்றுப் பெயர் அன்று. நுழைந்த வாசல்தான் சரியில்லை. கட்டில் விழுந்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பக்கம்தான் வரும். தனியாக மௌனமாகப் படிக்காமல், வீட்டில் யாருக்காவது உரக்க, முகத்தில் சிரிப்பு வராமல் வாசித்துக் காட்டுங்கள். நாய் பிரிக்ஸின் மேல் பாய்ந்து, சன்னல் கண்ணாடி உடைந்து, அப்பாவுக்குச் சளி பிடித்து, எல்லாம் அடங்கிய பிறகு, எதிலும் நல்லதையே பார்க்கும் அம்மா ஒரு வாக்கியம் சொல்வார்: நல்லவேளை, உங்கள் தாத்தா வீட்டில் இல்லை. அதற்கு முன் தாத்தாவைப் பற்றித் தர்பர் எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்பதைக் கேட்பவர் அப்போது நினைத்துப் பார்ப்பார். சிரிப்பு வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்தான்.